கழுத்துக்குக் கீழே உள்ள ஆதாரம்

ஓட்டுநர் உரிமம் கேட்டு வருபவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அவர்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா தெரியாதா என்று சொல்வது என் வேலை. பதினொரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் தெரியாது என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதனால் பயிற்சிப் பள்ளிக்காரர்கள் எனக்கு ‘மறுபடி மேடம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு என் காதுபடவே சொல்வார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. என்னிடம் தேறிப் போனவர்களில் இதுவரை யாரும் எவர் மீதும் வண்டியை ஏற்றியதில்லை.

அந்த இருக்கை எனக்குப் பிடிக்கும். அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அதில் உட்கார்ந்துவிட்டால் எனக்கு எதன் மேலும் பயம் கிடையாது. வீட்டில், கடையில், பேருந்தில் எல்லா இடத்திலும் பெண்பிள்ளையை மற்றவர்கள் பார்க்கிறார்கள். அந்த வண்டிக்குள் நான்தான் பார்ப்பேன். ஓட்டுபவரின் கையை, காலை, கண் போகும் திசையை. அவர் சாலையைத்தான் பார்க்க வேண்டும். என்னைப் பார்த்தால் மதிப்பெண் குறையும்.

மொபைல் கடை வைத்திருந்த ஒருவர் என்னிடம் நான்கு தடவை தோற்றார். நான்கு தடவையும் ஒரே காரணம். நிறுத்தக் கோட்டில் வண்டியை நிறுத்த மாட்டார். வேகத்தைக் குறைப்பார், இரண்டு பக்கமும் பெருந்தன்மையாகப் பார்ப்பார், அப்படியே உருட்டிக்கொண்டு போய்விடுவார். நிறுத்துவது என்றால் சக்கரம் சுற்றாமல் இருப்பது என்று நான்கு தடவையும் விளக்கினேன். நான்காவது தடவை அவர் என்னைப் பார்த்து, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று அக்கறையாகக் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு, தோல்வி என்று எழுதினேன்.

அடுத்த வாரம் என் படம் வந்தது.

விண்ணப்பம் வாங்கும் கவுன்டர் அக்காதான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். காகிதக் கட்டுகள் அடுக்கும் சின்ன அறைக்குள் அழைத்துப் போய், கதவைச் சாத்தி, போனை முதலில் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். “நீ இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா நீ பார்த்துடறது நல்லது” என்றார். பிறகு திருப்பினார்.

கழுத்து வரை நான். கழுத்துக்குக் கீழே யாரோ. துணி இல்லாத யாரோ.

முகம் எங்கிருந்து வந்தது என்று உடனே தெரிந்துவிட்டது. எங்கள் அலுவலக வரவேற்பறைச் சுவரில் ‘உங்களுக்குச் சேவை செய்பவர்கள்’ என்ற தலைப்பில் முப்பத்தொரு பேரின் புகைப்படம் மாட்டியிருக்கிறது. எல்லோரும் கட்டாயம் சிரிக்க வேண்டும் என்று அப்போதைய மேலாளர் உத்தரவு போட்டிருந்தார். நான் வாழ்க்கையில் சிரித்துக்கொண்டு எடுத்துக்கொண்ட ஒரே படம் அது. அந்தச் சிரிப்பு, நெற்றியில் விழுந்த அதே முடிக்கற்றை, அன்றைக்குக் கீழே போட்டு வளைத்த மூக்குக்கண்ணாடியின் இடது பக்கம், எல்லாம் அப்படியே இருந்தன. செயற்கை நுண்ணறிவாம். கண்ணாடியின் வளைவை நிமிர்த்த அதற்கு அறிவு போதவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. அது நான் இல்லை என்று தெரிந்தும் வெட்கமாக இருந்தது. யாரோ செய்த அசிங்கத்துக்கு என் உடம்பு ஏன் கூச வேண்டும் என்று கோபம் வந்தது. கோபத்தோடு அன்றைக்கு இன்னும் ஆறு பேரைச் சோதித்தேன். ஆறு பேரில் இரண்டு பேர் சாலையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கு மதிப்பெண் குறைத்தேன்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். ஆளைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு இரண்டு நாள்தான் ஆனது. அந்த மொபைல் கடைக்காரர்தான். படத்தை அனுப்பியது தன் கடை எண்ணிலிருந்து. அந்த எண்ணின் முகப்பில் கடைப் பலகையின் படமும் முகவரியும் இருந்தன. கூப்பிட்டு விசாரித்தபோது மனிதர் மறைக்கவே இல்லை. போனில் ஒரு செயலி இருக்கிறது, முகத்தைக் கொடுத்தால் மிச்சத்தை அதுவே போட்டுக்கொள்ளும், மொத்தம் நாற்பது விநாடி, தமாஷுக்குத்தான் செய்தேன் என்று சொல்லியிருக்கிறார். பயிற்சிப் பள்ளிக்காரர்கள் இருக்கும் குழுவில் ஒரே ஒரு தடவைதான் போட்டாராம். அதற்குப் பிறகு போனதெல்லாம் அவர் கணக்கில் வராதாம். நிறுத்தக் கோட்டில் நிறுத்தத் தெரியாதவர் வேறு எப்படிப் பேசுவார்?

செய்தவரே செய்தேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டார், விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். பதினொரு வருடம் அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

எங்கள் அலுவலகத்தில் பார்வைப் பட்டியல் என்று ஒன்று உண்டு. ஏழு வருடத்துக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டியில் மருந்து கலந்திருக்கிறது, யாரும் குடிக்க வேண்டாம் என்று சுற்றறிக்கை போனது. அது தனக்கு வரவில்லை என்று ஒருவர் குடித்துவிட்டு மூன்று நாள் படுத்தார். அன்றிலிருந்து எந்தக் காகிதமானாலும் முப்பத்தொரு பேரின் மேசைக்கும் போக வேண்டும், ஒவ்வொருவரும் ‘பார்த்தேன்’ என்று தன் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட வேண்டும். மின்விசிறி பழுதானால் அந்த மனுவும் சுற்றும். மின்விசிறி சரியான பிறகும் சுற்றும்.

இந்தப் பட்டியலைக் காப்பாற்றுவது எங்கள் தலைமை எழுத்தர். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சமாளித்திருக்கலாம். ஒரு ஃபைல்கூட தன் கையிலிருந்து குறையோடு வெளியே போனதில்லை என்பதில் அவருக்குப் பெருமை. படம் அலுவலகத்துப் போன்களிலும் சுற்றுவதை நிறுத்தச் சொல்லி நான் அலுவலகத்தில் புகார் கொடுத்தபோது, ஆதாரம் இணைக்காத புகார் செல்லாது என்று விதியைக் காட்டினார். நான் படத்தை ஒரு உறையில் போட்டு, நன்றாக ஒட்டி, மேலாளர் மட்டும் பிரிக்க வேண்டும் என்று மேலே எழுதிக் கொடுத்தேன்.

அவர் உறையைப் பிரித்தார். ஃபைலில் இருக்கும் எல்லாத் தாளுக்கும் பக்க எண் வேண்டுமே. படத்துக்கு மூன்று என்று எண் போட்டார். கோப்பதற்குத் துளை போடும்போது மட்டும், கண்ணியமான மனிதர், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு துளை என் நெற்றியில் விழுந்தது.

பிறகு ஃபைல் சுற்றியது. புகார் கொடுத்தவள் என்பதால் எனக்கு மட்டும் விலக்கு. மற்ற முப்பது பேரும் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டார்கள். கவுன்டர் அக்காவின் கணக்குப்படி அதற்கு முன்னால் அலுவலகத்தில் எட்டுப் பேரிடம்தான் அந்தப் படம் இருந்தது. வாசல் காவலரிடம் ஸ்மார்ட்போனே கிடையாது. என் புகார் இல்லையென்றால் அவர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார். அவர் கையெழுத்து தெளிவாக, தேதியோடு இருந்தது.

நான் தலைமை எழுத்தரின் மேசைக்குப் போய் நின்றேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது அலுவலகம் அறிந்த விஷயம். அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

“எல்லாரும் பார்த்தாதானே மேடம், உங்களுக்கு நடந்த அநியாயம் எல்லாருக்கும் புரியும்” என்றார். மனதாரத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விசாரணைக்கு மேலாளர் ஒரு குழு போட்டார். மேலாளர், தலைமை எழுத்தர், கணினிப் பிரிவிலிருந்து ஒருவர். நான் சுவரிலிருந்து என் புகைப்படத்தைக் கழற்றிக்கொண்டு போய் மேசைமேல் வைத்து, அதே சிரிப்பு, அதே முடி, அதே கண்ணாடி என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். மூவரும் கவனமாகப் பார்த்தார்கள். தலைமை எழுத்தர் குறிப்பு எழுதினார். பிறகு வாசித்தார். முகம் தன்னுடையது என்பதை மனுதாரரே ஒப்புக்கொள்கிறார்.

மொபைல் கடைக்காரர் காவல் நிலையத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறாரே என்றேன். அது எழுத்து மூலமாக இன்னும் வரவில்லை என்றார் கணினிப் பிரிவுக்காரர். வந்தாலும், எதிர்த்தரப்பு சொல்வதை மட்டும் நம்பி முடிவெடுத்தால் அது ஒருதலைப்பட்சம் ஆகிவிடும் என்றார் மேலாளர்.

“முகத்துக்கு ஆதாரம் கொடுத்துட்டீங்க மேடம்” என்றார் தலைமை எழுத்தர். “கழுத்துக்குக் கீழே உங்களோடது இல்லைங்கறதுக்கு என்ன ஆதாரம்?”

அதற்கு ஒரு படிவம் இருந்தது. விபத்தில் இறந்தவர்களை அடையாளம் காட்டுவதற்காக எந்தக் காலத்திலோ அச்சடித்தது. உடலடையாளச் சான்று. அரசு மருத்துவர் பார்த்துக் கையொப்பமிடலாம், அல்லது உடலை நன்கறிந்த நெருங்கிய உறவினர் எழுதிக் கொடுக்கலாம். ‘இறந்தவரின் பெயர்’ என்ற இடத்தை அடித்துவிட்டு மேலே ‘மனுதாரர்’ என்று தலைமை எழுத்தர் தன் கையாலேயே திருத்தி வைத்திருந்தார்.

நான் துணியை அவிழ்க்கவில்லை என்று நிரூபிக்க நான் துணியை அவிழ்க்க வேண்டுமாம். முடியாது என்றேன். மருத்துவரிடமும் போக மாட்டேன், யாரும் எழுதியும் தர மாட்டார்கள் என்றேன்.

அப்படியானால் முடிவு வரும் வரை நான் தேர்வு வண்டியில் உட்காருவது சரியாக இருக்காது என்று மேலாளர் சொன்னார். விண்ணப்பதாரர்கள் சங்கடப்படுகிறார்களாம். என் நன்மைக்காகத்தானாம். என்னைப் பழைய ஃபைல்கள் வைக்கும் அறைக்கு அனுப்பினார்.

அந்த அறைக்கு ஒரு ஜன்னல். ஜன்னல் வழியே தேர்வு மைதானம் தெரியும். என் இருக்கையில் எனக்குப் பதிலாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். யார் ஓட்டினாலும் தலையை ஆட்டுவார். வண்டி கிளம்பினால் தேர்ச்சி, நின்றால் இன்னும் விசேஷம். மூன்று வாரம் அதைப் பார்த்துக்கொண்டே, எட்டு வருடத்துக்கு முந்தைய மின்விசிறி மனுக்களுக்கு அட்டவணை போட்டேன். நிறுத்தக் கோட்டில் உருட்டிக்கொண்டு போன பதினேழு பேரை எண்ணினேன். பதினேழு பேரும் இன்று சாலையில் இருக்கிறார்கள். கவனமாகக் கடக்கவும்.

வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மகளுக்குப் பதினாறு வயது. ஒரு சாயங்காலம் முழுக்கத் தன் போனில் உட்கார்ந்து, தன் முகம் இருக்கும் படங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். பள்ளி விளையாட்டு விழாவில் கோப்பை வாங்கிய படத்தையும் அழித்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அழிக்காதே என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அதிகம் பேசாதவர். படம் வந்த அன்றே நான் அவரிடம் சொல்லிவிட்டேன். அதைப் பார்க்காதீங்க என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். சரி என்றார். அவர் சரி என்றால் சரிதான். மூன்றாவது வாரம் நான் தட்டில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தபோது, அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ யோசிக்கிறார் என்று தெரிந்தது. லிஃப்ட் எந்த மாடியில் மாட்டிக்கொண்டது என்று யோசிக்கும்போது அவர் முகம் அப்படித்தான் இருக்கும். நான் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை தலைமை எழுத்தர் பழைய ஃபைல் அறைக்குத் தானே நடந்து வந்தார். முகமெல்லாம் பல். கையில் என் ஃபைல்.

“முடிஞ்சுது மேடம். உங்களுக்குச் சாதகமா வந்திருக்கு. நாளையிலிருந்து நீங்க வண்டிக்குப் போகலாம்” என்றார்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இருக்கை திரும்பக் கிடைத்துவிட்டது என்பதைத் தவிர அந்த நிமிடத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. எப்படி முடிந்தது என்றுகூடக் கேட்காமல் அவருக்கு நன்றி சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மீதே ஆத்திரமாக வருகிறது.

உத்தரவு அமலுக்கு வர வேண்டுமானால் பார்வைப் பட்டியல் முடிய வேண்டும், என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்றார். புகாருக்குத்தான் எனக்கு விலக்கு. உத்தரவுக்குக் கிடையாது. முப்பது பேர் போட்டிருந்தார்கள். பத்தொன்பதாவது வரி காலியாக இருந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், எதற்கும் என்று ஒரு பக்கம் திருப்பினேன்.

என் வீட்டுக்காரரின் கையெழுத்து எனக்குத் தெரியாதா? முத்துமுத்தாக எழுதுவார். லிஃப்ட் பார்த்துவிட்டு வந்தால், கயிறு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கதவு எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று அளவோடு அறிக்கை எழுதித் தர வேண்டும். இருபது வருடப் பழக்கம். இதையும் அப்படியே எழுதியிருந்தார்.

ஒன்று. இடது இடுப்பில், எலும்புக்கு இரண்டு விரல் மேலே, சிறுநீரகக் கல் எடுத்த தழும்பு. நீளம் நாலரை சென்டிமீட்டர். தையல் ஆறு. படத்தில் இல்லை. இரண்டு. அடிவயிற்றில் பிரசவத்தால் வந்த கோடுகள், வலது பக்கம் அதிகம். படத்தில் இல்லை. மூன்று.

மூன்றாவதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. முப்பது பேருக்குத் தெரியும், அது போதும்.

கடைசியில், மேற்கண்டவை பதினெட்டு வருட அனுபவத்தில் நான் நேரில் அறிந்தவை, ஆகவே படத்தில் இருப்பது என் மனைவி அல்ல என்று உறுதி கூறுகிறேன் என்று எழுதி, தேதியும் போட்டிருந்தார். ஓரத்தில் பக்க எண். பதினான்கு. அதன் கீழே முப்பது தடவை, பார்த்தேன், பார்த்தேன், பார்த்தேன். மேலாளர் மட்டும் கொஞ்சம் அக்கறையாக, ‘படித்தேன்’ என்று எழுதியிருந்தார்.

தலைமை எழுத்தர் பேனாவை நீட்டிக்கொண்டு நின்றார். அவர்தான் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்திருக்கிறார். சார், ஒரே ஒரு கடிதம், மேடம் பிடிவாதமாக இருக்கிறார்கள், உங்களுக்குத்தான் அவர்களைப் பற்றி நன்றாகத் தெரியும் என்று கேட்டிருக்கிறார். அவரே சொன்னார், பெருமையாக. கையெழுத்துப் போடாவிட்டால் நாளைக்கு இருக்கை இல்லை. ஃபைலைத் தூக்கி எறிந்தாலும் பார்த்தவர்கள் பார்த்ததுதான். பத்தொன்பதாவது வரியில் நானும் பார்த்தேன் என்று எழுதினேன்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் எனக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்திருந்தார். சமையலறையில் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். தலைமை எழுத்தர் அவருக்குப் போன் செய்து நல்ல சேதியைச் சொல்லிவிட்டிருந்தார். அவர் முகத்தில் மூன்று வாரமாக இல்லாத தெளிவு. மகள் ட்யூஷனுக்குப் போயிருந்தாள். நான் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

பார்க்க மாட்டேன் என்றாரே, பார்த்தாரா என்று கேட்டேன். பார்க்காமல் எப்படி ஒப்பிட்டு எழுதுவது என்றார். நியாயமான பதில். அவர் எப்போதும் நியாயமாகத்தான் பதில் சொல்வார்.

“பொய்னு நிரூபிக்கச் சொன்னாங்க. நிரூபிச்சேன். நீ சாப்பிடாம கிடந்தா நான் என்ன பண்றது?” என்றார்.

“அந்தப் படத்துல என்னைப் பத்தி ஒண்ணுமே இல்லைங்க. யாரோ ஒருத்தியோட உடம்பு. அதை ஊரே பார்த்தாலும் என்னைப் பார்க்கல. உங்க லெட்டர்லதான் நான் இருக்கேன்.”

அவருக்கு முதலில் புரியவில்லை. ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்த லெட்டர் மேலாளருக்கு மட்டும்தானே என்று கேட்டார். பார்வைப் பட்டியலைப் பற்றி விளக்கினேன். தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஆரம்பித்தேன். வாசல் காவலர் வரைக்கும் வந்தபோது அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“மூணாவதையுமா?” என்றார்.

“மூணாவதையும்தான்.”

குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு அவர் மேல் ஆத்திரமும் பரிதாபமும் ஒரே அளவில் இருந்தன. நாற்பது விநாடியில் ஒருவன் வேடிக்கையாகச் செய்ததை, பதினெட்டு வருடம் என்னோடு இருந்தவர் அன்போடு முழுமையாக்கி வைத்திருந்தார். அன்று எனக்குப் பசித்தது. சாப்பிட்டேன். அவர்தான் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் அலுவலகத்துக்குப் போனபோது அறிவிப்புப் பலகையின் முன்னால் கூட்டம். தேர்ச்சி பெற்றவர்களின் பட்டியலுக்குப் பக்கத்தில் என் உத்தரவு ஒட்டியிருந்தது. அவப்பெயர் வெளியே பரவியதால், அது நீங்கியதையும் வெளியே சொல்ல வேண்டும் என்று தலைமை எழுத்தர் ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தாராம். உத்தரவில் காரணமும் இருந்தது. காரணம் காட்டாத உத்தரவு செல்லாது. மூன்றாவதை மட்டும், நாகரிகம் கருதி, விட்டிருந்தார். கண்ணாடிக் கதவு போட்ட பலகை. சாவி அவரிடம்.

எடுக்கச் சொன்னேன். ஏழு நாள் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு எடுத்துப் பத்திரமாக நிரந்தர ஃபைலில் வைத்துவிடுவேன், கவலைப்படாதீர்கள் என்றார். கண்ணாடியை உடைத்திருப்பேன். வெளியே பதினாறு பேர் தேர்வுக்குக் காத்திருந்தார்கள். முதல் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

முதல் எண் ஒரு ஓய்வு பெற்ற நர்ஸ். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வேலையில் இருந்த காலமெல்லாம் பேருந்தில் போய்விட்டு, இப்போதுதான் சொந்தமாக ஒரு சின்ன வண்டி வாங்கியிருக்கிறார். விறைப்பாக, சுத்தமாக உட்கார்ந்திருந்தார். நான் என் இருக்கையில் ஏறினேன். மூன்று வாரத்தில் அதை யாரோ பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள். முன்னால் இழுத்தேன். பெல்ட்டை மாட்டினேன். மனசு கொஞ்சம் நிலைக்கு வந்தது. கிளம்பச் சொன்னேன்.

நன்றாக ஓட்டினார். கை சரியாக இருந்தது, கண் சாலையில் இருந்தது. இந்த மாதத்தில் நான் தேர்ச்சி போடப்போகும் முதல் ஆள் இவர்தான் என்று நினைத்தேன். மைதானத்தைத் தாண்டிக் கடைத்தெருத் திருப்பம் வரும்போது, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, அவர் மெதுவாகச் சொன்னார்.

“பெல்ட் சரியா அந்தத் தழும்பு மேலதான் வரும், இல்லையாம்மா? உறுத்தும். ஒரு மெல்லிசுத் துணியை மடிச்சு வச்சுக்கோங்க.”

கிண்டல் இல்லை. கெட்ட எண்ணம் துளியும் இல்லை. வாழ்நாள் முழுக்க நோயாளிகளைப் பார்த்தவர், காத்திருந்த நேரத்தில் பலகையைப் படித்திருக்கிறார், மனது கேட்காமல் சொல்கிறார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? உறுத்தத்தான் செய்யும்.

திருப்பம் முடிந்து, சுற்று முடிந்து, வண்டி மைதானத்தில் வந்து நின்றது. நான் படிவத்தைக் கையில் எடுத்தேன். திருப்பத்தில் அவர் சைகை காட்டினாரா, எதிரே வந்த வண்டிக்கு வழி விட்டாரா என்று கேட்டிருந்தது. எனக்குத் தெரியவில்லை. பதினொரு வருடத்தில் முதல் தடவையாக நான் பார்க்கவில்லை. குனிந்து பார்த்தால், என் இடது கை என் இடுப்பைப் பொத்திக்கொண்டிருந்தது. எப்போது போனது என்றே தெரியவில்லை.

“நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?” என்று நர்ஸ் கேட்டார். அவர் முகம் வாடிவிட்டது.

“இல்லம்மா. நீங்க ஒண்ணும் பண்ணல. நான்தான் பார்க்கல. இன்னொரு தடவை போங்க.”

அவர் மறுபடி வண்டியை எடுத்தார். அதே சாலை, அதே திருப்பம். நான் அவர் கையைப் பார்க்க வேண்டும், காலைப் பார்க்க வேண்டும், எதிரே வருவதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாக எனக்கே சொல்லிக்கொண்டேன். இடுப்பிலிருந்து கையை எடுக்க மட்டும் எனக்கு வரவில்லை.